வாயு பிரிந்த மதியம்

நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் வார்டே ஓடும். மூச்சு வாங்குகிறது என்றால் ஆக்சிஜன் சிலிண்டர் உருண்டு வரும் சத்தம் உடனே கேட்கும். "வயித்துல காத்து நிக்குதும்மா" என்று ஒரு பெரியவர் சொன்னால் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மாத்திரையை எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவோம். புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு பள்ளிக்கூட பெஞ்சிலேயே தொடங்கிவிடுகிறது. மருத்துவம் படித்தால் மட்டும் போய்விடுமா?

பொது மருத்துவராகப் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் காஞ்சிபுரத்தில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வயதானால் செரிமானம் ஏன் மாறுகிறது, வாயுத் தொல்லை ஏன் கூடுகிறது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். அதைப் பாடமாகச் சொன்னால் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவரை ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்வோம்.

ஏகாம்பரத்துக்கு எழுபத்தைந்து வயது. பட்டுத் தறி நெய்பவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். எலும்பு மருத்துவர்கள் அறுவை செய்து சரிப்படுத்திவிட்டார்கள். புண் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை.

அன்று கருடசேவை, பெருமாள் கருடன்மேல் வீதியுலா வரும் நாள். அந்த நாளில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். தெருவெல்லாம் தலைகள். மருத்துவமனையில் பாதிப் பேரால் வேலைக்கு வந்து சேர முடியவில்லை. இருந்தவர்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, எலும்பு வார்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "மேடம், ஒரு தாத்தாவுக்கு வயிறு ரொம்ப உப்பியிருக்கு. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

போய்ப் பார்த்தேன். போர்வைக்கு மேலேயே தெரிந்தது. வேட்டியைக் கட்ட முடியாமல் இடுப்பில் போட்டு வைத்திருந்தார்கள். மெலிந்த உடம்பு, குச்சிக் கைகள், நடுவில் மட்டும் நிறைமாதம் போல வயிறு. கட்டிலருகே அவர் மனைவி பச்சையம்மாள் நின்றுகொண்டிருந்தார். மகன் குமரன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன். இரவு ஷிப்ட் முடிந்து, கூட்டத்தில் நீந்தி, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான்.

"எப்பத்திலேர்ந்து இப்படி இருக்குது?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

பச்சையம்மாள் முந்திக்கொண்டார். "காலையிலேர்ந்துதாம்மா. நான்தாம்மா, சுண்டல் குடுத்தேன்."

"என்ன சுண்டல்?"

"கொண்டக்கடல. சேவைக்கு வந்தவங்களுக்கு வாசல்ல குடுத்துக்கினு இருந்தாங்க. சின்ன வயசுலேர்ந்து இவரு சேவை பாக்காத வருஷமே கெடையாது. இந்த வருஷம் படுத்துக்கினேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு இருந்தாரு. சரி, பிரசாதமாவது சாப்பிடட்டுமேன்னு..."

குமரன் கையை உதறினான். "ஆபரேஷன் பண்ணிப் படுத்துக்கினு இருக்கிற மனுசனுக்குச் சுண்டல் குடுப்பியாமா? இந்த வயசுல எது செரிக்கும் எது செரிக்காதுன்னு தெரியாது உனக்கு?"

பச்சையம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றுகொண்டார்.

நான் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்தேன். எப்போதோ ஒரு முறை, கிணற்றின் அடியில் சொட்டு விழுவது போல ஒரு ஒலி. பிறகு அதுவும் இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல, என் பயிற்சிக் காலத்துக்குப் போக வேண்டும். குடலை உயிரோடு நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை. எங்கள் தலைமை மருத்துவர் கண்டிப்பானவர், அதிகம் பேசமாட்டார். அவர் என் கையைப் பிடித்து இழுத்துச் சிறுகுடலின் ஒரு மடிப்பை உள்ளங்கையில் வைத்தார். நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார், அவருக்குத் தான் யாரென்றே தெரியாது. அவருடைய குடலோ என் கையில் மெல்லச் சுருங்கியது, விரிந்தது, ஓர் அலை என் விரல்களைக் கடந்து போனது. யாரும் அதற்கு உத்தரவிடவில்லை. நான் மூச்சுவிட மறந்து நின்றேன். "மரியாதையாப் பிடி," என்றார் அவர். "அது நம்மளக் கேட்டுக்கிட்டு வேலை செய்யல. மூளையைக்கூடக் கேக்காது. அதுக்குன்னு தனி நரம்புக் கூட்டம் வெச்சிருக்கு. பொறந்த அன்னிக்கு ஆரம்பிச்சது, சாகிற வரைக்கும் நடக்கும்."

அப்படி நடந்துகொண்டே இருக்க வேண்டிய ஒன்று ஏகாம்பரத்தின் வயிற்றில் நின்றுபோயிருந்தது.

ஸ்கேன் எடுத்தோம். அடைப்பு எதுவும் இல்லை, குடல் முறுக்கிக்கொள்ளவும் இல்லை. வழி முழுக்கத் திறந்துதான் கிடந்தது. ஆனால் பெருங்குடல் தள்ளுவதை நிறுத்திவிட்டிருந்தது. வாயு தேங்கித் தேங்கி, சிறுகுடல் வந்து சேரும் அதன் முதல் பகுதி ஊதி ஊதிச் சுவர் மெலிந்திருந்தது. முதியவர்களுக்குப் பெரிய அறுவைக்குப் பிறகு சில சமயம் இப்படி ஆகும். அந்தச் சுவர் கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் கொட்டிவிடும். கிழிந்த பிறகு எழுபத்தைந்து வயதில் மீள்வது கடினம்.

அறுவை மருத்துவரை வரச் சொன்னேன். என்னைவிட மிக இளையவர், நிதானமானவர். இருவரும் சேர்ந்து முதலில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். வாய் வழியாக எதுவும் கூடாது என்று நிறுத்தினோம். மூக்கு வழியாகவும் கீழே ஆசனவாய் வழியாகவும் குழாய் போட்டோம். குடலை மந்தமாக்கும் வலி மருந்தை மாற்றினோம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, அதை ஏற்றினோம். நர்சுகள் அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டே இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும். நாங்கள் காத்திருந்தோம்.

அவருக்குச் சரியாகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் வயிறு இன்னும் இறுகியது, நாடி ஓட ஆரம்பித்தது.

வராந்தாவில் நின்று நானும் அறுவை மருத்துவரும் பேசினோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. வயிற்றைத் திறப்பது ஒன்று. சர்க்கரை நோய் உள்ள உடம்பு, இப்போதுதான் ஓர் அறுவையைத் தாங்கியிருக்கிறது, இன்னொன்றைத் தாங்குமா என்று தெரியாது. சென்னைக்கு அனுப்புவது இன்னொன்று. ஊரை விட்டு வெளியேறவே எவ்வளவு நேரமாகும் என்று அன்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மெலிந்த சுவரை வைத்துக்கொண்டு வேகத்தடைகளில் ஏறி இறங்க எனக்குத் துணிவில்லை. மூன்றாவது, ஓர் ஊசி. குடல் நரம்புகளைத் தட்டி எழுப்பும் மருந்து. வேலை செய்தால் சில நிமிடங்களிலேயே செய்யும். ஆனால் அதே மருந்து இதயத்தின் ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். சிலருக்கு ஆபத்தான அளவுக்கு இழுத்துவிடும். நான் அதை அதுவரை ஒருசிலருக்குத்தான் கொடுத்திருந்தேன், அதுவும் சென்னையில், எல்லா வசதியும் சுற்றி இருக்கும்போது.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இப்பவரைக்கும் கிழியல மேடம். ஊசிக்கு ஒரு வாய்ப்பு குடுக்கலாம். தியேட்டர ரெடியா வெச்சுட்டு வரேன். நீங்க போடும்போது நான் பக்கத்துல நிக்கறேன்."

அதைவிட வேறென்ன துணை வேண்டும்? அவர் தியேட்டருக்குப் போனார். இதயத்துடிப்பு மானிட்டரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு நான் குமரனிடம் மூன்று வழிகளையும் சொன்னேன்.

"மூணுலயுமே ஆபத்து இருக்குதா டாக்டர்?"

"இருக்குதுப்பா. ஊசியில கொஞ்சம் குறைவுன்னு எங்களுக்குத் தோணுது."

அவன் தலையாட்டினான். பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தான். பச்சையம்மாள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து கட்டில் பக்கமே வரவில்லை.

"அம்மா, நீங்க வந்து அவரு கையப் பிடிச்சுக்கினு நில்லுங்க" என்றேன்.

"வேணாம்மா. என் கைதான் இப்படிப் பண்ணிச்சு. நான் அவராண்ட போவ மாட்டேன்."

மானிட்டரை மாட்டவும் மருந்தை எடுத்து வைக்கவும் நர்சுக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் எழுதி முடிக்க வேண்டிய வேலை எனக்கு இருந்தது. அதை விட்டுவிட்டுத் தரையில் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெருக்கடியில் எது முக்கியம் என்று அந்தந்த நேரத்தில் மனம்தான் சொல்ல வேண்டும். அவர் தன்னைக் கொலைகாரியாக நினைத்துக்கொண்டிருந்தார். ஊசி பலிக்காமல் போனால் மிச்ச வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

"உங்க வூட்டுக்காரரு வயசுல எப்படிச் சாப்பிடுவாரு?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பிறகு சொன்னார். "கல்யாண வூட்ல உக்காந்தா எலைய எடுக்க வுடமாட்டாரும்மா. மொச்சக் கொழம்பு வெச்சா சட்டி காலி."

"இப்ப?"

"இப்ப எங்க? அரை வயிறு. மொச்சை போட்டா மறுநாளு பூரா பொருமல். ஏப்பமா வுட்டுக்கினு இருப்பாரு. பாலு குடிச்சாலும் கடமுடான்னுது. நாலு நாளைக்கு ஒரு தபாதான் வெளிய போறாரு."

"பல்லு?"

"நாலஞ்சுதான் இருக்குது."

பாருங்கள், நீங்கள் பாடப்புத்தகத்தில் படிப்பதையெல்லாம் அந்த அம்மாள் சொல்லி முடித்துவிட்டார். அதற்குக் காரணம் சொல்வது மட்டும்தான் என் வேலையாக இருந்தது. என்னால் முடிந்த எளிய பேச்சில் சொன்னேன்.

"வயசானா கால் நடை கொறையுதில்ல, அதே மாதிரி குடலுக்கும் நடை கொறையும்மா. அதைத் தள்ளிவிடற நரம்புங்க கொஞ்சம் கொஞ்சமா கொறையுது, தசை தளருது. சாப்பாடு உள்ள அதிக நேரம் தங்குது. அங்க கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்குது, நல்லது பண்ற கிருமிங்கதான். மிச்சம் மீதியத் தின்னு அதுங்கதான் காத்து உண்டாக்குது. சாப்பாடு தங்கத் தங்க அதுங்களுக்கு விருந்து. பல்லு இல்லாம முழுங்கறதுல காத்தும் சேந்து உள்ள போவுது. பாலைச் செரிக்க வைக்கிற சரக்கு உடம்புல கொறைஞ்சுபோச்சு. தாகம் எடுக்கறது கொறைஞ்சு தண்ணியும் குடிக்கறதில்ல. சர்க்கரை மாத்திரையும் வயித்தக் கொஞ்சம் பொரும வைக்கும். இதுங்கூட ஆபரேஷன், வலிக்கு ஊசி, படுத்த படுக்கை. எல்லாம் ஒண்ணு சேந்து குடலு அசந்து நின்னுபோச்சு. அவ்ளோதான்."

"அப்ப சுண்டலு?"

"காலையில தின்ன சுண்டல் இன்னும் மேல்வயித்தத் தாண்டியிருந்தாலே அதிசயம். உப்பிக்கினு இருக்கறது கடைசியில இருக்கிற பெருங்குடலு. சுண்டல் அங்க போயே சேரலம்மா."

அவர் என் முகத்தையே பார்த்தார். ஆறுதலுக்காகச் சொல்கிறேனோ என்று தேடினார். அப்போது கட்டிலிலிருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது. மூக்கில் குழாயோடு, மூச்சு முட்ட முட்டப் பேசினார்.

"அவள ஒண்ணும் சொல்லாதடா குமரா. முந்தாநேத்துலேர்ந்தே கல்லாட்டம்தான் இருக்குது. காத்தே பிரியல."

"ஏன்பா யாராண்டயும் சொல்லல?"

"நர்சுங்க எல்லாம் சின்னப் பொண்ணுங்க. அதுங்ககிட்டப் போயி இத எப்பிடிடா சொல்றது?"

நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கம் ஓர் ஆளைச் சாவின் விளிம்பு வரை கொண்டுபோகும். முதியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும், சிரிக்காமல் கேட்க வேண்டும், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில் கேட்க வேண்டும்.

பச்சையம்மாள் எழுந்தார். கட்டிலருகே போய்க் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். குமரன் ஒதுங்கி அவருக்கு இடம் கொடுத்தான்.

மானிட்டர் ஓடத் தொடங்கியது. அறுவை மருத்துவர் வந்து எதிர்ப்பக்கம் நின்றார். இதயம் சோர்ந்தால் கொடுக்க வேண்டிய மாற்று மருந்து நர்சின் கையில் தயாராக இருந்தது. நான் ஊசி மருந்தை மெல்ல, மிக மெல்லச் செலுத்தினேன்.

முதலில் இதயம்தான் பதில் சொன்னது. ஓடிக்கொண்டிருந்த நாடி தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது. மானிட்டரின் ஒலிகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். அவள் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டால் இதயம் தேறிவிடும். ஆனால் குடலுக்குக் கொடுத்த மருந்தின் வேகமும் அதோடு குறையலாம். ஏகாம்பரத்தின் கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளங்கை சூடாக இருந்தது. "பொறு" என்று நர்சுக்குக் கைகாட்டினேன். என் வாழ்நாளில் மிக நீளமான காத்திருப்பு அதுதான். நாடி அதற்குக் கீழே இறங்கவில்லை. ஓர் இடத்தில் நின்று, நிதானமாக அடிக்க ஆரம்பித்தது.

"மேடம், வயித்தப் பாருங்க" என்றார் அறுவை மருத்துவர், தாழ்ந்த குரலில்.

இழுத்துக் கட்டிய தோலுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. வலது விலாவுக்குக் கீழே ஒரு மேடு எழுந்தது, குறுக்கே போனது, இடது பக்கம் இறங்கி மறைந்தது. அதன் பின்னால் இன்னொன்று எழுந்தது. மழைக்காலத்தில் பாலாற்றில் முதல் தண்ணீர் மணலுக்குள் நுழைந்து வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு மெதுவாக, அவ்வளவு உறுதியாக வந்தது. நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். உள்ளே சலசலப்பு, உருட்டல், முனகல். எழுபத்தைந்து ஆண்டு வேலை செய்து களைத்துப்போன ஒன்று மறுபடியும் எழுந்து நடந்துகொண்டிருந்தது.

பிறகு அது வந்தது. நீளமாக வந்தது. நின்று, மறுபடியும் வந்தது. குழாயையும் மீறி, கட்டில் அதிர, வார்டு முழுக்கக் கேட்க வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள்கூட எங்கள் முகங்களைப் பார்த்து அமைதியாக இருந்தார்கள். எங்கள் கண் முன்னால் அந்த வயிறு இறங்கிக்கொண்டே வந்தது. தோலில் சுருக்கம் திரும்பியது.

ஏகாம்பரம் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். காதோரம் கண்ணீர் வழிந்தது.

"மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா" என்றார்.

"எதுக்கு மன்னிப்பு? நாங்க இத்தனை பேரும் காலையிலேர்ந்து இதுக்குத்தானே காத்துக்கினு இருந்தோம்" என்றேன்.

அறுவை மருத்துவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தியேட்டருக்குத் தகவல் சொல்லப் போனார். குமரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தான். அம்மாளின் தோளில் கையை வைத்தான். அவரும் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

எத்தனையோ உயிர்கள் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மதியம் போல என்னை வாயடைக்கச் செய்தது குறைவு. நாம் குடலைச் சாக்கடை என்று நினைக்கிறோம். அது நாம் தின்ற ஒவ்வொரு கவளத்தையும் பிரித்துப் பார்த்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் தள்ளி, ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல், ஒரு சொல் பாராட்டும் கேட்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. முதுமையில் நடை தளர்ந்தால் ஏப்பமும் பொருமலுமாக முறையிடுகிறது. அந்த முறையீட்டைத்தான் நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். எல்லாப் பொருமலும் ஆபத்தல்ல. பெரும்பாலும் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் நடை, மெல்ல மென்று தின்னும் சாப்பாடு, மாத்திரைகளை ஒருமுறை பரிசீலிப்பது, இவை போதும். ஆனால் புதிதாக வந்த பொருமலா, எடை குறைகிறதா, ரத்தம் போகிறதா, வாயு பிரிவதே நின்றுபோனதா என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கட்டிலை விட்டு நகரக் கூடாது.

ஏகாம்பரத்தின் வயிறு மறுபடியும் உப்பவில்லை. அடுத்தடுத்த நாட்களில் குழாய்களை எடுத்தோம். கஞ்சி கொடுக்கலாம் என்று சொன்ன காலையில் நான் வார்டுக்குப் போனபோது, கிண்ணம் மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. பச்சையம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏன், இன்னும் குடுக்கல?"

"சிஸ்டரு குடுக்கட்டும்மா. எனக்குப் பயமா இருக்குது."

அன்று அவ்வளவு சொல்லியும், ஏகாம்பரமே சொல்லியும், பயம் போகவில்லை. சொல்லிப் போகிற பயமில்லை அது என்று புரிந்தது. நான் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவர் காதுகளில் மாட்டிவிட்டேன். மறுமுனையை ஏகாம்பரத்தின் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதலில் பச்சையம்மாள் புருவத்தைச் சுருக்கினார். பிறகு அசையாமல் நின்றுவிட்டார். வெகுநேரம் கேட்டார். ஏகாம்பரம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே கேக்குது?" என்றார்.

பச்சையம்மாள் கையமர்த்தினார், பேசாதே என்று. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் காதிலிருந்து எடுத்தார்.

"அம்பது வருசமா சோறு போட்டுக்கினு இருக்கேம்மா," என்றார் என்னிடம், ரகசியம் போல. "உள்ள போயி இவ்ளோ வேலை நடக்குதுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

ஸ்டெதாஸ்கோப்பை மடித்து என்னிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு கிண்ணத்தை எடுத்து, ஆறிப்போயிருந்த கஞ்சியைப் பழக்கத்தில் இன்னொரு முறை ஊதி, முதல் ஸ்பூனைக் கணவரின் வாயருகே கொண்டுபோனார்.